இலையைப் புரட்டிப் பார்த்தியா? – மட்டக்களப்புக் குளங்களில் நீலோற்பலத்தை அடையாளம் காண்பது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் குளம் பார்க்க வருகிறவர்கள் ஒரு நீல அல்லிப் படமாவது எடுக்காமல் திரும்புவதில்லை. கடும் ஊதா நிறம், அடுக்கடுக்கான இதழ்கள், நடுவில் மஞ்சள் குஞ்சம். படத்துக்குக் கீழே 'எமது தேசிய மலர் நீலோற்பலம்' என்று எழுதிவிடுவார்கள். படம் வடிவாகத்தான் இருக்கும். பெரும்பாலும் பெயர்தான் பிழை.

நானும் இதே பிழையை விட்டவன்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலைக் கண்காட்சிக்கு அப்படி ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்தேன். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு தோணிக்காரர், வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை ஆள், படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"பூ நல்ல வடிவுதான் மனே. ஆனா இது நம்மட குளத்துப் பூ இல்ல. நம்மட பூ இதவிட வெளிறினது."

நான் விடவில்லை. தேசிய மலர் இதுதான், எல்லாப் படத்திலும் இப்படித்தான் இருக்கிறது என்றேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இலையப் புரட்டிப் பார்த்தியா?"

பார்க்கவில்லை. பூவை மட்டுமே பார்த்திருந்தேன். அன்றைக்கு அந்த மனிதர் கேட்ட கேள்வியைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி. செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாமல், ஒரு சனிக்கிழமை காலை கையில் போனோடு குளத்தங்கரைக்குப் போகும் ஒருவருக்காக எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்

நீலோற்பலம் என்று நம் பாடப் புத்தகங்கள் சொல்வது நிம்பேயா நௌச்சாலி என்ற அல்லி இனத்தை. இலங்கை இதைத் தேசிய மலராக அறிவித்தது 1986ஆம் ஆண்டில். சிங்களத்தில் மானெல், நில் மானெல். அம்பாறைப் பக்கத்தில் பூ விற்கிறவர்களிடம் 'மானெல்' என்று கேட்டாலும் விளங்கும்.

தமிழில்தான் பெயர்ச் சிக்கல் அதிகம். குவளை, நெய்தல், நீலம், ஆம்பல், அல்லி என்று நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. எந்தப் பெயர் எந்தச் செடிக்கு என்பது ஊருக்கு ஊர் மாறும். படித்தவர்களும் அதில் ஒத்துப்போவதில்லை. அதனால் களத்தில் நிற்கும்போது பெயரை ஓரமாக வைத்துவிடுங்கள். 'பகலில் விரியும் வெளிர்நீல அல்லி' என்று குறித்துக்கொண்டால் போதும். பெயரை வீட்டுக்கு வந்து வைக்கலாம்.

இதோடு சேர்த்து இன்னும் இரண்டு பூக்களை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, நம் குளங்களில் நிறையவே இருக்கும் வெள்ளை அல்லி. சிங்களத்தில் ஓலு என்பார்கள், நிம்பேயா பியூபசென்ஸ். இதுவும் உள்ளூர்ச் செடிதான். மற்றது, நான் அச்சடித்துக் கொடுத்த அந்த ஊதாப் பூ. அது அலங்காரத்துக்கு வளர்க்கும் ஒரு கலப்பின அல்லி. தொட்டியிலும் தடாகத்திலும் வளர்த்தது மெல்ல மெல்ல இயற்கை நீர்நிலைகளிலும் இடம் பிடித்துவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் இதை ஆராய்ந்து, இது தேசிய மலர் இல்லை, வேறு செடி என்று எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் சுவரொட்டியிலும் வாழ்த்து அட்டையிலும் அந்த ஊதாப் பூவே இருந்துவிடுகிறது. பளிச்சென்று இருப்பதற்குத்தானே மவுசு.

எப்போது, எங்கே

நமக்கு மழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை கொட்டித் தீர்க்கும். அந்த நேரம் குளம் நிரம்பி வான் பாயும், வயலும் வீதியும் ஒன்றாகக் கிடக்கும். பூப் பார்க்க அது தோதான காலம் இல்லை. கலங்கிய வெள்ளத்தில் இலையே தெரியாது. மழை விட்டுத் தண்ணீர் தெளிந்த பிறகு, மாசி பங்குனியில் போங்கள். சித்திரைக்குப் பிறகும் பூ இருக்கும். ஆவணி, புரட்டாசி வரும்போது சின்னக் குளங்கள் வெடித்துக் காய்ந்துவிடும். கிழங்கு மட்டும் சேற்றுக்குள் அடுத்த மழைக்குக் காத்துக் கிடக்கும்.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் பிழை வாவிக்கரையில் தேடுவது. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம். ஆனால் முகத்துவாரப் பக்கம் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் இடங்களில் அல்லி நிற்காது. அங்கே கண்டல் மரங்கள்தான். உப்பு இல்லாத, ஓடாத, ஆழம் குறைந்த தண்ணீர் வேண்டும். வாவியின் தெற்குக் கோடிக்கு, கிட்டங்கி, நாவிதன்வெளிப் பக்கம் போகப் போகத் தண்ணீரின் உப்பு குறையும், செடிகளும் மாறும்.

ஊர்க்குளங்கள், வயல் வட்டைகளுக்கு நடுவில் தண்ணீர் தேங்கும் பள்ளங்கள், பழைய வாய்க்கால்கள், வில்லு என்று சொல்லும் ஆழமில்லாத இயற்கை நீர்நிலைகள், இவைதான் சரியான இடம். உன்னிச்சை, நவகிரி, சாகாமம் போன்ற பெரிய குளங்களுக்குப் போனாலும் நடுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கட்டுக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் இடுப்பளவுக்கு மேல் போகாத மேற்பக்க ஓரங்களைப் பாருங்கள். அம்பாறையில் கரையோர ஊர்க்காரர் தோணா என்று சொல்லும் நீரோடைகளில், கடல் பக்கத்தை விட்டு ஊர்ப்பக்க முனையில் சில வேளை கிடைக்கும். அங்கே ஊதாப் பூவும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுத் தொட்டிகள் பக்கத்தில் இருக்கின்றன அல்லவா.

எத்தனை மணிக்கு

இதற்கு ஒரு தனித் தலைப்புப் போடுவதற்குக் காரணம் உண்டு. கடிகாரம் பாதி வேலையைச் செய்துவிடும்.

வெள்ளை அல்லி இரவுப் பூ. பொழுதுபட்ட பிறகு விரியும், மறுநாள் வெயில் ஏறும்போது மூடத் தொடங்கும். நீலோற்பலம் பகல் பூ. காலை வெயில் பட்டுத்தான் விரியும், பிற்பகலில் மூடிவிடும். எட்டரை, ஒன்பது மணிக்குக் குளத்தங்கரையில் நின்றால் வெள்ளை அல்லி மூடுவதையும் நீலோற்பலம் திறப்பதையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். மழை மூட்டமான நாளில் இரண்டும் சோம்பல்படும், நேரம் கொஞ்சம் முன்பின் ஆகும்.

ஆனால் ஊதாப் பூவும் பகல் பூதான். ஆக, கடிகாரம் வெள்ளை அல்லியை மட்டுமே பிரித்துத் தரும். மற்றதற்கு இலைதான்.

நான்கு மணிக்குப் பிறகு போய் 'பூவே இல்லை' என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்த கூட்டாளிகள் எனக்கு இருக்கிறார்கள். பூ இருந்தது. மூடி இருந்தது.

கையில் என்ன வேண்டும்

நல்ல கமரா எல்லாம் தேவையில்லை. போன், ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில் (பேனை ஈரத்தில் ஊறிவிடும்), ஒரு பத்து ரூபாய்க் குற்றி, ஒரு வெள்ளைத் தாள், அப்புறம் ஒரு கொக்கத்தடி. மாங்காய் பறிக்கும் அதே தடிதான். கரையில் நின்றுகொண்டே ஒரு இலையை மெதுவாக இழுத்துப் புரட்டுவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. குற்றி எதற்கென்றால், இலைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் பிறகு அளவு தெரியும்.

தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். இதை மரியாதைக்குச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்துக் குளங்களிலும் வாவியிலும் முதலை உண்டு, அல்லி இலை மூடிய தண்ணீரில் அது கிடப்பது தெரியாது. அல்லித் தண்டு காலில் சுற்றினால் நீந்தத் தெரிந்தவருக்கும் கஷ்டம். வயல் ஓரத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது, காலில் புண் இருந்தால் கட்டாயம் தள்ளியே நில்லுங்கள். புல் வளர்ந்த வரம்பில் நடக்கும்போது தடியால் தட்டிக்கொண்டு நடந்தால் பாம்பு விலகிப் போகும். படுவான்கரைப் பக்கக் காட்டோரக் குளங்களுக்கு விடியற்புறமும் மம்மல் நேரமும் யானை வரும். முதலில் அந்த ஊர்ப் பெட்டிக்கடையில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். "இந்தக் குளத்துப் பக்கம் போகலாமா அண்ணே?" என்று கேட்டால் முந்தின இரவு யானை வந்ததா, எந்தப் பக்கம் முதலை கிடக்கிறது என்று எல்லாம் வந்துவிடும். கூடவே 'நீலப் பூ' எங்கே இருக்கிறது என்பதும் வரும்.

அல்லியே இல்லாதவற்றை முதலில் கழியுங்கள்

தண்ணீரில் நீலமாக ஒன்று தெரிந்தால் உடனே துள்ளாதீர்கள்.

கிட்டங்கிப் பக்கம் பாலத்தில் நின்று பார்த்தால் பச்சைப் பாயாக விரிந்து, மேலே இளம் ஊதாப் பூங்கொத்து நிற்கிறதே, அது ஆற்றுவாழை. ஒரே காம்பில் பல பூக்கள் சேர்ந்து நிற்கும், மேலிதழில் மயில் கண்போல ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும், இலைக்காம்பு காற்றடைத்துப் பருத்திருக்கும். தென்னமெரிக்காவிலிருந்து வந்த களை. இதை ஒழிக்க இலங்கையில் 1909ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். சட்டம் பழசாகிவிட்டது, செடி இன்னும் புதுசாகத்தான் இருக்கிறது.

தாமரையைப் பிரிப்பது சுலபம். அதன் முற்றிய இலைகள் தண்ணீரை விட்டு உயர்ந்து நிற்கும், இலையில் பிளவு இருக்காது, குடைபோல நடுவில் காம்பு பொருந்தியிருக்கும். தண்ணீர் பட்டால் முத்தாக உருளும். காம்பை ஒடித்தால் நூல் நூலாக இழுக்கும். அல்லி இலை தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கும், காம்பு சேரும் இடம் வரை ஒரு பக்கம் வெட்டினதுபோல் பிளந்திருக்கும்.

அல்லி இலையைச் சிறிதாக்கினதுபோல் இலை இருந்து, பூ விரல் நுனி அளவில் வெள்ளையாக, இதழில் பஞ்சு மயிர் சிலிர்த்திருந்தால் அது வேறு குடும்பத்துச் செடி, நிம்பாய்டெஸ். நெல்லோடு சேர்ந்து நின்று சின்ன நீலப் பூக்கள் பூப்பது மொனோகோரியா என்ற வயற்களை. இரண்டும் அழகானவை, நம் ஊர்ச் செடிகள், ஆனால் இன்றைக்கு நாம் தேடி வந்தவை அல்ல.

இலையைப் புரட்டுங்கள்

இப்போதுதான் உண்மையான வேலை.

தடியால் ஒரு இலையைக் கரைக்கு இழுங்கள். பிடுங்க வேண்டாம், காம்பு நீளமாக இருக்கும், இழுத்தால் வரும். முதலில் விளிம்பைப் பாருங்கள். நீலோற்பலத்தின் இலை விளிம்பு ஏறக்குறைய மட்டமாக இருக்கும், அல்லது மெல்லிய அலைபோல நெளிந்திருக்கும். பல் இருந்தாலும் ஆழமில்லாமல், ஒழுங்கில்லாமல் இருக்கும். ஊதாக் கலப்பினத்தின் விளிம்பில் பற்கள் தெளிவாகவே தெரியும். வெள்ளை அல்லியிலோ கேட்கவே வேண்டாம், கூர் கூராக அரிவாள் வாய்போல இருக்கும்.

ஒரு இலையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இளம் இலை ஒரு மாதிரி, முற்றிய இலை ஒரு மாதிரி. பூச்சி கடித்த விளிம்பும் பல்லுப்போல ஏமாற்றும். நான் ஒரு செடியில் ஐந்து இலையாவது பார்ப்பேன், அதிலும் கைவிரித்த அளவுக்கு மேல் வளர்ந்தவற்றை.

பிறகு புரட்டுங்கள். வெள்ளை அல்லியின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் வெல்வெட் துணிபோல மயிர் தட்டுப்படும், நரம்புகள் கயிறு புடைத்ததுபோல நிற்கும். நீலோற்பலத்தின் அடிப்பக்கம் வழுவழுப்பு. மயிர் இல்லை. நிறம் பெரும்பாலும் ஊதா கலந்த சிவப்பு. ஆனால் மற்ற அல்லிகளிலும் அடிப்பக்கம் ஊதாவாகவோ ஊதாத் திட்டுகளோடோ வரும் என்பதால், நிறத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அன்று தோணிக்காரர் புரட்டச் சொன்னதும் நிறத்துக்காக இல்லை. "தடவிப் பார், பிறகு ஓரத்தப் பார்" என்றுதான் விளக்கினார். விரலுக்கும் கண்ணுக்கும் ஒவ்வொரு வேலை.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். இலையின் மேற்பக்கத்தில், காம்பு வந்து சேரும் புள்ளி. அங்கே ஒரு குட்டிச் செடி முளைத்துக்கொண்டு நின்றால் வேலை சுலபமாக முடிந்தது. மேற்கு ஆபிரிக்க அல்லி ஒன்றுக்கும் அதிலிருந்து உருவாக்கிய தோட்டக் கலப்பினங்களுக்கும் இப்படி இலையிலேயே குட்டி போடும் பழக்கம் உண்டு. நம் நீலோற்பலம் அப்படிச் செய்யாது. குட்டி இல்லாவிட்டால் உள்ளூர்ச் செடி என்று அர்த்தமில்லை, அது வேறு கதை. குட்டி இருந்தால் வந்த செடி, அவ்வளவுதான்.

பிறகுதான் பூ

பூவை மேலிருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் ஒரு தடவை பாருங்கள். வெளியே நான்கு பச்சைப் புறவிதழ்கள் இருக்கும், மொட்டை மூடியிருந்தவை அவை. அதற்குள் இதழ்கள்.

நீலோற்பலத்தின் இதழ்கள் ஒல்லியானவை, கூர்நுனி, நட்சத்திரம்போல இடைவெளி விட்டு நிற்கும். நிறம் வெளிர்நீலம். சில செடிகளில் வெளிறிப் போய் வெள்ளை என்றே சொல்லலாம், நுனியில் மட்டும் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கும். கலப்பினத்தின் பூ பெரிது, இதழ் அதிகம், நெருக்கமாக அடுக்கியது, கடும் ஊதா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குழந்தைக்கும் தெரியும். தனியாக ஒன்றை மட்டும் பார்க்கும்போதுதான் தடுமாற்றம். அதனால் இதழை எண்ணுங்கள், மூன்று நான்கு பூக்களிலாவது. இதழ் எண்ணிக்கை தனியாக நின்று சாட்சி சொல்லாது, இலை விளிம்போடு சேர்ந்தால்தான் அதன் சொல் எடுபடும்.

நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தக் கேசரங்களையும் கூர்ந்து பாருங்கள். நீலோற்பலத்தில் ஒவ்வொரு கேசரத்தின் நுனியிலும் இதழின் நிறத்தில் ஒரு சின்ன வால் நீண்டிருக்கும். போனில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும். வெள்ளை அல்லியில் அந்த வால் கிடையாது. காலை பத்து மணிக்கும் மூடாமல் ஏமாற்றும் ஒரு வெள்ளைப் பூவைப் பார்த்து, இது இரவு அல்லியா அல்லது வெளிறிப்போன நீலோற்பலமா என்று குழம்பினால், இந்த வாலும் இலையின் அடிப்பக்கமும் சேர்ந்து விடை சொல்லிவிடும்.

ஒரு பூ, மூன்று முகம்

நிறத்தை நம்ப வேண்டாம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுதான் காரணம். இதை நேரில் பார்க்க ஒரே குளத்துக்கு மூன்று நான்கு நாள் போக வேண்டும். போனால் நட்டமில்லை.

முதல் நாள் விரியும் பூவின் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும், அதில் தெளிந்த நீர் நிரம்பியிருக்கும். மழைத்தண்ணீர் என்று நினைப்பீர்கள். இல்லை, பூவே சுரந்தது. கேசரங்கள் கிண்ணத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும், அன்றைக்கு அவை மகரந்தம் தருவதில்லை. வேறு பூவிலிருந்து மகரந்தம் பூசிக்கொண்டு வரும் சின்ன ஈயும் தேனீயும் வழுக்கி அந்த நீருக்குள் விழும். உடம்பில் இருந்த மகரந்தம் கழுவுப்பட்டு அடியில் படியும். சில பூச்சிகள் ஏறிப் போய்விடும், சில அதிலேயே முடிந்துவிடும். ஒரு பங்குனி மாதக் காலையில் கிண்ணத்துக்குள் மிதந்துகொண்டிருந்த ஒரு குட்டித் தேனீயைப் புல்லால் எடுத்து விட்டேன். இறகை உதறிவிட்டு அது நேராகப் பக்கத்துப் பூவுக்குள் போய் இறங்கியது.

இரண்டாம் நாள் கிண்ணம் வற்றியிருக்கும். கேசரங்கள் உள்நோக்கி வளைந்து அதை மூடிவிடும், இப்போது மகரந்தம் உதிரும். பெண்ணாக இருந்த பூ ஆணாக மாறிவிட்டது. தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க அது வைத்திருக்கும் ஏற்பாடு. அடுத்த நாட்களில் நிறம் மங்கும், இதழ் தளரும். பிறகு காம்பு தண்ணீருக்குள் இறங்கிவிடும். காய் முற்றுவது அடியில்தான்.

ஆக, ஒரே செடியில் ஒரே காலையில் நீலம் கூடிய பூவும் நீலம் வடிந்த பூவும் நிற்கலாம். இரண்டு இனம் என்று குறிப்பு எழுதிவிடாதீர்கள். நடுவில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறதா, கேசரம் மூடியிருக்கிறதா என்று பார்த்து, எத்தனையாம் நாள் பூ என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

படமும் குறிப்பும்

பூவின் அழகுப் படம் ஒன்றை எடுத்து அனுப்பி 'இது என்ன இனம்?' என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்பது ஆறு படம். தூரத்திலிருந்து குளமும் செடிக் கூட்டமும். குற்றியோடு இலையின் மேற்பக்கம். புரட்டிய அடிப்பக்கம். விளிம்பு மட்டும், வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து. பூ மேலிருந்து, கேசரம் தெளிவாக. பூ பக்கவாட்டில், புறவிதழ் தெரிய. இதில் அடிப்பக்கப் படம் இல்லையென்றால் மற்ற ஐந்தும் இருந்தும் அரைகுறைதான்.

போன் செயலிகளையும் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவை பூவின் நிறத்திலேயே மயங்கிவிடுகின்றன. ஊதாக் கலப்பினத்தைக் காட்டினாலும் 'நௌச்சாலி' என்று எனக்குப் பல தடவை சொல்லியிருக்கின்றன. ஏற்கெனவே பிழையாகப் பெயர் போட்ட படங்களைப் பார்த்துப் படித்தால் அதுவும் வேறு என்ன சொல்லும்.

குறிப்பில் நாள், நேரம், இடம், தண்ணீரின் ஆழம் உத்தேசமாக, வெயிலா மூட்டமா, எத்தனை பூ, இலை விளிம்பு, அடிப்பக்கம், இதழ் எண்ணிக்கை. கூடவே சுற்றுப்புறத்தையும் எழுதுங்கள். பக்கத்தில் விடுதி, கோயில் தடாகம், அல்லித் தொட்டி வைத்த வீடு ஏதாவது இருக்கிறதா? வெள்ளம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? ஒரு வயல்வெளிக் குளத்தில் ஊதாப் பூவைக் கண்டு நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, பக்கத்து வயலில் வேலை செய்த அக்கா ஒருவர்தான் விளக்கினார்: "அது அந்த மேட்டு வீட்டுத் தொட்டியில இருந்தது தம்பி. போன வெள்ளத்துக்கு முதல் இங்க இல்ல."

பூ பறிப்பது பற்றி. கோயிலுக்கும் விகாரைக்கும் பறிக்கிறவர்கள் காலகாலமாகப் பறிக்கிறார்கள், பிள்ளைகள் தண்டை இரு பக்கமும் மாறி மாறி ஒடித்து மாலை கட்டுகிறார்கள், நானும் கட்டியவன்தான். ஆனால் அடையாளம் காண்பதற்குப் பூ பறிக்கத் தேவையே இல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் செடியில் வைத்தே பார்க்கலாம். குமண போன்ற வனவிலங்குப் பாதுகாப்பு இடங்களில் இலைகூடப் பறிக்கக் கூடாது, அது சட்டம். முக்கியமாக, ஊதாப் பூவின் கிழங்கை 'வடிவாக இருக்கிறது' என்று வீட்டுக்குக் கொண்டுபோய் அடுத்த ஊர்க் குளத்தில் போடாதீர்கள்.

தீராத செடிகள்

இவ்வளவும் பார்த்த பிறகும் சில செடிகள் எந்தப் பக்கமும் சாயாது. விளிம்பு அலைபோல இருக்கும், ஆனால் நிறம் கடுமையாக இருக்கும். இதழ் குறைவாக இருக்கும், இலையில் பற்கள் தெரியும். அப்படிப்பட்டதை வற்புறுத்தி ஒரு பெயருக்குள் தள்ள வேண்டாம். குறிப்பில் 'நீல அல்லி, உறுதியில்லை' என்று எழுதி, ஆறு படத்தையும் சேர்த்து வையுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில்தான் இருக்கிறது. தாவரவியல் படிப்பிக்கிறவர்களிடம் கொண்டுபோய்க் காட்டினால், நல்ல படமும் குறிப்பும் இருந்தால் அக்கறையோடு பார்ப்பார்கள்.

என் புத்தகத்தில் அப்படி 'உறுதியில்லை' என்று ஏழு செடி இருக்கிறது. அதில் ஒன்று வெல்லாவெளிப் பக்கம் ஒரு சின்னக் குளத்தில் நிற்கிறது. மூன்று மாசியாகப் போய்ப் பார்த்து வருகிறேன். போன தடவை தோணிக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். இலையைத் தடவினார், ஓரத்தைப் பார்த்தார், திரும்பவும் தடவினார். "இது ரெண்டுங்கெட்டான் மனே" என்று சொல்லி இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, வெற்றிலைப் பையைத் தேடத் தொடங்கினார்.